ஓரிடத்தில் நிற்காத ட்ரோன்

மேனாம்பேடு,
ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகள் யுவராணிக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் நைனாவும் சுகம். அந்த ஜப்பான் நகோயா குளிரில் நீ எப்படி இருக்கிறாய், வேளைக்குச் சாப்பிடுகிறாயா, அதை முதலில் எழுது. தினம்தான் போனில் பேசுகிறோமே, கடிதம் எதற்கு என்று கேட்பாய். போனில் இதைச் சொல்ல ஆரம்பித்தால் நீ பாதியிலேயே சிரித்து என்னையும் சிரிக்க வைத்துவிடுவாய், முழுசாகச் சொல்லவே விடமாட்டாய். உனக்குப் பருப்புப்பொடியும் மாகாளி ஊறுகாயும் பார்சல் கட்டுகிறேன், உன் சிநேகிதி சுவேதாவின் ரிசப்ஷன் வீடியோவும் பென் டிரைவில் கூடவே வருகிறது, அதைப் போட்டுப் பார்க்கும் முன் இதைப் படித்துவிடு. உன் அம்மா ஜெயித்துவிட்டாள் யுவராணி! நீ அனுப்பிய ட்ரோன் மண்டபத்தில் பறந்தது, கைதட்டல் வாங்கியது, எனக்கு இன்னும் படபடப்பு அடங்கவில்லை, எழுத்து கோணலாக இருந்தால் அதுதான் காரணம்.

ஆனால் நீ நினைக்கிற மாதிரி சுலபமாக நடக்கவில்லை. நீ வருத்தப்படுவாய் என்று இத்தனை நாள் சொல்லாமல் இருந்தேன், இப்போது சொல்கிறேன். போன வருஷத்திலிருந்தே நம் ஸ்டுடியோவுக்கு ஆர்டர் குறைந்துவிட்டது. வருகிறவர்கள் எல்லாரும் ட்ரோன் ஷாட் உண்டா என்றுதான் முதலில் கேட்கிறார்கள், இல்லை என்றதும் யோசித்துச் சொல்கிறோம் என்று போனவர்கள் போனவர்கள்தான். உன் நைனா ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டே, சுவேதா கல்யாணத்தோட கடையை மூடிடறேன், இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்ல ஒரு கம்பெனியில வாட்ச்மேன் வேலை கீதாம், அங்க வேலை செய்யற நம்ம தட்சிணாமூர்த்தி சொல்லி வெச்சிட்டான் என்றார். அந்தக் கேமராவைத் தோளில் போட்டுக்கொண்டால்தானே அவர் எத்திராஜ், அதை இறக்கி வைத்துவிட்டு கேட் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தால் மனுஷன் உருப்படியாக இருப்பாரா சொல். அந்தச் சமயத்தில்தான் நீ அனுப்பிய ட்ரோன் வந்து சேர்ந்தது. சந்தோஷப்படுவார் என்று பார்த்தால் முகம் தொங்கிப்போய்விட்டது. இத்தினி வருஷம் தொழில் பண்ணவன் இப்போ பொம்மைய வெச்சிகினு விளையாடணுமா என்று பெட்டியைக்கூடத் தொடவில்லை. அதற்குள் சுவேதாவின் மாமனார் வீட்டிலிருந்து போன், ட்ரோன் இல்லேன்னா சொல்லிடுங்க, முகப்பேர்ல எங்களுக்குத் தெரிஞ்ச ஆளு கீறாங்கோ என்று. உன் நைனா சரி என்று சொல்லப் போனார். நான் போனைப் பிடுங்கி, ட்ரோன் இருக்கு, ஆபரேட்டரும் இருக்காங்க என்று சொல்லிவிட்டேன். யாருடி அந்த ஆபரேட்டரு என்றார். நான்தான் என்றேன். அப்படி ஒரு பார்வை பார்த்தார் பார், இப்போது நினைத்தாலும் சிரிப்பு வருகிறது.

அதற்கப்புறம் நான் பட்ட பாடு பாதிதான் உனக்குத் தெரியும். ஆவடிப் பக்கம் விமானப்படை இருக்கிறது, வெளியே விடவே கூடாது என்று நீ சொன்னபடி மொட்டை மாடிப் பக்கம்கூட அதைக் கொண்டு போகவில்லை, எல்லாம் வீட்டு ஹாலுக்குள்ளேதான். முதல் நாள் கிளப்பியதும் எழும்பாமல் அப்படியே குப்புறக் கவிழ்ந்து கரப்பான்பூச்சி மாதிரி துடித்தது. நீதான் வீடியோ காலில் பார்த்து, றெக்கையில் இரண்டு விதம் இருக்கிறது, கோடு போட்டது கோடு போட்ட மோட்டாரில்தான் மாட்ட வேண்டும் என்று கண்டுபிடித்தாய். மாற்றி மாட்டியதும் எழும்பியது, அடடா என்று நான் கத்திய கத்தலில் எதிர்வீட்டு ராபியா ஓடி வந்துவிட்டாள். ஆனால் எழும்பியது ஓரிடத்தில் நின்றதா? இல்லை. நான் ரிமோட்டில் இருக்கிற குச்சியைத் தொடாமலேயே தானாக நழுவி நழுவிப் போகிறது, ஒரு நாள் டிவி பக்கம், ஒரு நாள் சாமி படம் பக்கம். சமதளத்தில் வைத்து அளவு சரிசெய் என்றாய், செய்தேன். ஃபேனை நிறுத்து என்றாய், நிறுத்திவிட்டு வேர்த்து ஊற்றிக்கொண்டு நின்றேன். வெளிச்சம் போதாது என்றாய், எல்லா லைட்டையும் போட்டேன். அது கீழே தரையைப் பார்த்துத்தான் ஓரிடத்தில் நிற்கும், மொழுமொழுவென்று ஒரே மாதிரி டைல்ஸ் இருந்தால் அதற்கு அடையாளம் தெரியாது என்றாய் பார், அன்றைக்கு நான் செய்ததை உன்னிடம் சொல்லவில்லை. அடையாளம்தானே வேண்டும் என்று ஹால் நடுவில் இருபத்தோரு புள்ளிக் கோலம் போட்டேன்! ட்ரோன் கிளம்பிய காற்றில் கோலமாவு மொத்தமும் பறந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்த உன் நைனா மீசையில் போய் உட்கார்ந்தது. பேப்பரை மடித்து வைத்துவிட்டு, பேசாம முகப்பேர்காரனையே வரச் சொல்லிடலாம் என்று எழுந்து போய்விட்டார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

ரிசப்ஷனுக்கு முதல் நாள் மத்தியானம் மண்டபத்தைத் திறந்து விட்டார்கள், ஒத்திகை பார்க்கப் போனோம். அவர் லைட் ஸ்டாண்டு மாட்டிக்கொண்டிருந்தார். கீழே பூப்போட்ட ஜமக்காளம், மேலே பளீரென்று வெளிச்சம், இனி குறை சொல்ல ஒன்றுமே இல்லை என்று ட்ரோனைக் கிளப்பினேன். அது பாட்டுக்கு நழுவிக்கொண்டே போய் மணமேடைச் சீரியல் லைட்டில் சிக்கிப் பொத்தென்று விழுந்தது. நல்லவேளை, றெக்கையைச் சுற்றிக் கூண்டு மாட்டியிருந்ததால் உடையவில்லை. உனக்குப் போன் போட்டேன், ஞாபகம் இருக்கிறதா, நீ ஆபீஸில் இருந்து குசுகுசுவென்று, கடைசியா ஒண்ணு பாரும்மா, அடியில அழுக்கு ஏதாவது ஒட்டியிருக்கா என்று கேட்டாய். நான் திருப்பிப் பார்த்துவிட்டு, ஒரு தூசு இல்லை, சுத்தமா இருக்கு என்றேன். அப்படியென்றால் மெஷினே கோளாறுதான் என்று நீயும் கையை விரித்துவிட்டாய். நான் மேடைப் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். உன் நைனா வந்து என் மடியிலிருந்த ட்ரோனைக் கையில் எடுத்தார், வந்த நாளிலிருந்து அவர் அதைத் தொட்டது அப்போதுதான். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு அடிப்பக்கத்தைப் பார்த்தவர், அடியேய், இது இன்னாடி லென்சு மேல என்று மண்டபமே அதிரக் கத்தினார். பார்த்தால் பொட்டு. நான் வைத்த சந்தனமும் குங்குமமும்! பெட்டியைப் பிரித்த அன்றைக்கே வைத்தேன், வெள்ளிக்கிழமைதோறும் புதுசாகவும் வைத்தேன். ஆயுத பூஜைக்கு ஆயுத பூஜை, கேமரா கண்ணுல மட்டும் பொட்டு வெச்ச அவ்ளோதான் என்று இந்த மனுஷன் என்னை மிரட்டி மிரட்டி, நான் ஜாக்கிரதையாக முன்பக்கத்துக் கேமராவை விட்டுவிட்டு யாருக்கும் தெரியாத அடிப்பக்கமாகப் பார்த்து வைத்தேன். அங்கே இரண்டு குட்டிக் கண் இருப்பதும், அதை வைத்துத்தான் அது தரையைப் பார்ப்பதும் எனக்கு எப்படித் தெரியும்? நீ கேட்டது அழுக்கு இருக்கிறதா என்று. குங்குமம் அழுக்கா, நீயே சொல்.

உன் நைனா பையிலிருந்து லென்ஸ் துடைக்கிற துணியை எடுத்து, வாயால் ஹா என்று ஊதி ஊதி, குழந்தைக்குக் கண்ணில் பூளை எடுப்பதுபோல அந்த இரண்டு கண்ணையும் துடைத்தார். இப்போ விடு என்றார். விட்டேன். அம்மாடி, ஆணி அடித்த மாதிரி நின்றது யுவராணி! நான் குச்சியிலிருந்து கையை எடுத்துவிட்டு இரண்டு கையாலும் தட்டினேன், அது அசையவில்லை. அவரும் பார்த்துக்கொண்டே நின்றார். கொஞ்சம் சைடுல வா, மெதுவா, மேடைக்கு நேரா வந்ததும் எறக்கு என்று அவர் சொல்லச் சொல்ல நான் ஓட்டினேன், எங்கே நின்றால் படம் நன்றாக வரும் என்று அவருக்கல்லவா தெரியும். மறுநாள் ரிசப்ஷனில் ஜனங்கள் தலைக்கு மேலே போகாமல் ஓரமாகவே கொண்டு போய், சுவேதாவும் மாப்பிள்ளையும் மாலை மாற்றுகிற நேரத்தில் மேடைக்கு எதிரே நிறுத்தினேன், மண்டபம் முழுக்கக் கைதட்டல். மாப்பிள்ளையின் அப்பா வந்து, ஆபரேட்டர் யாருங்க, எந்த ஊர்லருந்து இட்டாந்தீங்க என்று கேட்டார். உன் நைனா கேமராவிலிருந்து கண்ணை எடுக்காமலேயே, எங்க ஊட்டுக்காரம்மா, மேனாம்பேடுதான் என்றார். எனக்குக் கண் கலங்கி ஒரு நிமிஷம் ஒன்றுமே தெரியவில்லை, நல்லவேளையாக அதுதான் தானாக நிற்குமே. வீடியோவில் அந்த இடத்தை நீ பார்ப்பாய். எல்லார் கல்யாணத்தையும் எடுத்த மனுஷன், ஒரு கல்யாண வீடியோவிலும் அவர் முகம் கிடையாது, இதில் தலையைத் தூக்கி என் ட்ரோனைப் பார்த்துச் சிரிக்கிறார். எடிட்டிங்கில் அதை வெட்டிவிடுவார் என்று பயந்தேன், விட்டு வைத்திருக்கிறார். தட்சிணாமூர்த்திக்கும் போன் போட்டு, அந்த வேலைக்கு வேற ஆளைப் பாத்துக்கோப்பா என்று சொல்லிவிட்டார்.

இன்னொன்று, உனக்கு மட்டும் சொல்கிறேன், நான் சொன்னதாகக் காட்டிக்கொள்ளாதே. நேற்று நான் மாவு அரைத்துக்கொண்டிருந்தபோது ஹாலில் கதவைச் சாத்திக்கொண்டு தனியாக அவரே ஓட்டிப் பார்த்திருக்கிறார், கூண்டைக் கழற்றி ஓரத்தில் வைத்துவிட்டு. பீரோவில் மோதிய சத்தம் எனக்குக் கேட்டது, இரண்டு றெக்கை போச்சு. கேட்டால் காத்து அடிச்சிச்சு என்கிறார்.

தலைக்கு எண்ணெய் வை, ராத்திரியில் நூடுல்ஸோடு நிறுத்தாதே, ஊறுகாய் ஜாடியில் ஈரக் கரண்டி போடாதே. நீ நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும், உன் கை பட்டதெல்லாம் இதுபோல எழும்பி நிற்க வேண்டும். பார்சல் வந்ததும் ஒரு மிஸ்டு காலாவது கொடு.

உன் அன்பு அம்மா,
சாவித்திரி எத்திராஜ்.

யுவராணி, நைனா எழுதறேன். நல்லா கீதும்மா நீ அனுப்புனது. றெக்கை மட்டும் நாலு செட் சேத்து அனுப்பு. உடைச்சது உங்கம்மா.