பன்னிரண்டாவது மனு

ஜூலை 3
இந்த வருடம் நாட்டுப்பற்றுப் பேச்சுப்போட்டி கிடையாதாம். மகள் பையைக்கூடக் கழற்றாமல் சொன்னாள். சமூக அறிவியல் ஆசிரியை ஒன்பதாம் வகுப்பை ஆறு ஆறு பேராகப் பிரித்து, நாட்டைப் பற்றிப் பேசியது போதும், எல்லாருக்கும் பொதுவான ஒன்றைச் சரிசெய்து காட்டுங்கள் என்றாராம். நூலகத்துக்கு எதிரே அழிந்துபோன பாதசாரிக் கோடுகளை இவள் குழு எடுத்துக்கொண்டிருக்கிறது. எனக்கு நிம்மதி. போன வருடம் பேச்சை எழுதி, மனப்பாடம் செய்யவைத்து, என் தொண்டைதான் கட்டியது.

ஜூலை 9
நகராட்சியில் மனு வாங்கும் ஜன்னல் என்னுடையது. இன்று வரிசையில் ஐந்தாவதாக என் மகள், சீருடையில். பின்னால் தோழிகள். முன்னே வா என்று கண்ணைக் காட்டினேன், கண்டுகொள்ளவே இல்லை. அவள் முறை வந்ததும், "மேடம், மனு கொடுக்கணும்" என்றாள். மேடமாம்! சிரிப்பை அடக்கிக்கொண்டு முத்திரை குத்தினேன்.

ஜூலை 15
பொறியாளர் மேஜையில் அந்த மனு பன்னிரண்டாவதாகக் கிடந்தது. தேநீர் நேரத்தில், அது நம் பெண் கொடுத்தது என்று அவர் காதில் போட்டேன். உடனே உருவி மேலே வைத்துவிட்டார். பதினெட்டு வருடத்தில் நான் யாரிடமும் எதுவும் கேட்டதில்லை. ஒரு தடவை கேட்டால் என்ன?

அதே நாள், சாப்பாட்டுக்குப் பிறகு
மகளிடம் பெருமையாகச் சொன்னேன். அவள் முகம் சுண்டிப்போனது.
"அப்போ எங்களுக்கு முன்னாடி கொடுத்த பதினோரு பேரு?"
"அவங்களுதும் வரும்."
"அவங்க வீட்டுல யாரும் ஆபீஸ்ல இல்லையேம்மா."
எழுந்து போய்விட்டாள். நானும் சுள்ளென்று ஏதோ சொல்லிவிட்டேன். பெத்த பொண்ணுக்காக ஒரு வார்த்தை சொன்னது அவ்வளவு பெரிய தப்பா? என் வீட்டுக்காரரோ தட்டிலிருந்து தலையை நிமிர்த்தாமல், இதற்குப் பேச்சுப்போட்டியே தேவலாம் என்கிறார்.

ஜூலை 16
அந்தப் பதினோரு மனுக்களையும் எடுத்துப் படித்தேன். முத்திரை குத்தியது நான்தான், படித்ததில்லை. ஒரு தெருவில் சாக்கடை வீட்டுக்குள் வருகிறது. சக்கர நாற்காலியில் போகும் ஒருவர், நடைபாதையில் ஏறச் சரிவு கேட்டு நான்கு மாதமாகக் காத்திருக்கிறார் –

மகள் மனுவைப் பழைய இடத்திலேயே வைக்கச் சொன்னேன். பொறியாளர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். "சீக்கிரம் பாருங்கன்னு கேட்டவங்கள பாத்திருக்கேன். தள்ளிப்போடுங்கன்னு கேட்டது நீங்க ஒருத்தர்தாம்மா." காது சூடானது. ஆனாலும் பன்னிரண்டையும் தேதிவாரியாக ஒரே தாளில் தட்டச்சு செய்து, அவர் கண்ணில் படும்படி சுவரில் ஒட்டினேன். கோபித்துக்கொள்ளவில்லை.

ஜூலை 17
மனுக்களில் படித்ததையும் செய்ததையும் மகளிடம் சொன்னேன். தட்டில் இன்னொரு கரண்டி சோறு கேட்டாள். போதும்.

ஜூலை 24
கோடு வரும்வரை ஆசிரியையோடு குழு காலையில் நூலகத்துக்கு எதிரே 'மெதுவாகச் செல்லவும்' என்ற தட்டி பிடித்து நிற்கிறது. இன்று ஒரு பைக் நிற்காமல், ஒரு தோழியின் பையை உரசிக்கொண்டு போனதாம். அடி இல்லை. மனுவை மேலேயே விட்டிருக்கலாமோ? நியாயம் பாக்கப் போய் யாருக்காவது ஏதாவது ஆகியிருந்தா?
மகளிடம் கேட்டேவிட்டேன். "அந்த வீல்சேர்க்காரர் தினமும் ரோட்டுலதானேம்மா போறார்" என்றாள்.

ஜூலை 31
ஐந்து மனு முடிந்தது. பொறியாளர் தாமே வந்து தாளில் சிவப்பு மையால் அடிக்கிறார்.

ஆகஸ்ட் 20
நடைபாதைச் சரிவு போட்டாயிற்று. மதியம் நானே போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். சிமெண்ட் இன்னும் ஈரம்.

செப்டம்பர் 2
காலையில் நூலகத்து எதிரே கோடு அடித்துவிட்டார்கள். மனுவுக்கான பதிலை நான்தான் தட்டச்சு செய்தேன். பெறுநர் இடத்தில் என் வீட்டு முகவரி. கைப்பையில் போட்டுக் கொண்டுவந்திருக்கலாம். தபாலில் சேர்த்தேன்.

செப்டம்பர் 5
கடிதம் வந்தது. வாசலிலேயே நின்று இரண்டு தடவை படித்தாள். "என்னைப் போய் தாங்கள்னு போட்டிருக்கே?" என்றாள்.
"மனு கொடுத்தா எல்லாரும் தாங்கள்தான்."
"எல்லாருமா?"
"எல்லாரும்தான்."
கடிதத்தை மடித்து உறையில் வைத்தாள். பிறகு, நாளை அந்தக் கோட்டு வழியாகவே சேர்ந்து போகலாம் என்றாள். ஆபீசுக்கு அது எனக்குச் சுற்றுதான். ஐந்து நிமிடம் முன்னதாகக் கிளம்ப வேண்டும்.