பன்னிரண்டின் கீழ் நாற்பத்தேழு

காலையில் பார்சல் கொண்டுவந்தவர் ஹெல்மெட்டைக் கழற்றி என் செருப்பு அலமாரி மேல் வைத்தார். டொக். அந்தச் சத்தத்தில் கையெழுத்து கோணிப்போனது. உன் தலையில் உன் புருஷனின் ஹெல்மெட் எத்தனை முறை விழுந்தது என்று நீதிமன்றத்தில் வாசித்தார்கள். ஒன்பது.

உட்லண்ட்ஸில், உன் வாடகை அறைக்குக் கீழே, லிஃப்ட் வாசலில். கோயிலுக்குப் புறப்பட்டு மல்லிகை வைத்திருந்தாய். பூவும் முடியும் ரத்தத்தில் ஒட்டிப்போய், ஆஸ்பத்திரியில் கத்தரிக்கோலால்தான் எடுத்தார்கள். நீ விட்டுவந்த புருஷனுக்கு அந்த முகவரி தெரியாது. அது இருந்தது என்னிடமும், நான் கட்டிய வலைத்தளத்திலும்தான்.

நம் பால்குடக் குழுவுக்காக, சமையலறை மேசையில் வீடியோ பார்த்துப் பார்த்து நானே கற்றுக் கட்டியது. குடும்பத்துக்கு ஓர் எண், அதன் கீழ் ஒவ்வோர் ஆளுக்கும் ஓர் எண். நீங்கள் இருவரும் பன்னிரண்டாம் குடும்பம், அதில் நீ நாற்பத்தேழு. உதடு கிழிந்து என் வீட்டுக்கு ஓடிவந்த அன்று, "அவன் பேருக்குக் கீழ நான் இருக்க மாட்டேன். என்னை உன் வீட்டுல எழுதுடி," என்றாய்.

ரத்த உறவில்லாதவளைச் சேர்க்க, 'அரண்' என்று நானே ஓர் உறவை எழுதினேன். குடும்ப எண்ணும் ஆள் எண்ணும் வலைப்பக்க முகவரியில் அடுத்தடுத்து வந்தால், இந்த ஆள் இந்தக் குடும்பம்தானா என்று, தளத்தைத் தாங்கும் ஃபிரேம்வொர்க் தானே சரிபார்க்கும். ஆனால் அது தேடுவது தனக்குப் பழகிய உறவை. என் 'அரண்' அதற்குப் புரியவில்லை. உன் பக்கம் திறக்காமல் முரண்டு பிடித்தது. அந்த உறவை அதற்குச் சொல்லிக்கொடுத்திருக்க வேண்டும். ஒவ்வொரு வரியையும் இருமுறை சரிபார்க்கிற நான், அந்தச் சரிபார்ப்பையே அணைத்தேன். பக்கம் திறந்தது. முருகனுக்குச் சூடம் காட்டினேன்.

யார் கேட்டாலும், எந்தக் குடும்ப எண்ணைக் கொடுத்தாலும் திறந்தது. அவன் குடும்பப் பட்டியலில் நீ இல்லை. உன் எண் மட்டும் அவனுக்கு ஞாபகம் இருந்தது. வலைப்பக்க முகவரியில் பன்னிரண்டுக்குப் பின்னால் நாற்பத்தேழு என்று அடித்தான். உன் புளோக், மாடி, கதவு எண் எல்லாம் வந்தன. தளத்தின் வருகைப் பதிவேட்டில் அதே வரி ஏழு முறை இருந்தது. திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறான், பாவி.

ஆஸ்பத்திரியில் உன் காலைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். ஒற்றைக் கண்ணால் பார்த்தாய். மற்றது வீங்கி மூடியிருந்தது.

"அடிச்சது அவன். கதவைத் தொறந்து வச்சது நீ. ரெண்டும் எனக்குத் தெரியும். அழாத. போய்ப் பூட்டு."

'அரண்' உறவை ஃபிரேம்வொர்க்குக்குச் சொல்லிக்கொடுத்து, சரிபார்ப்பை மறுபடி போட்டுப் பூட்டினேன். ஆங் மோ கியோவில் இருக்கும் என் வீட்டுச் சமையலறைக்கு, வலது கையில் மாவுக்கட்டோடு வந்தாய். "நகரு. இப்ப நான்தான் அவன்," என்று இடது கையால் விசைப்பலகையை ஓங்கிக் குத்தினாய். "எங்கடி ஒளிஞ்ச? வெளிய வாடி!" அவன் குரல் அப்படியே உன் வாயிலிருந்து வந்தது. பன்னிரண்டு, நாற்பத்தேழு. இல்லை என்றது திரை. மறுபடி குத்தினாய். இல்லை.

"இல்லையாம் லா! நல்லாத் தேடுடா, நாயே!" சிரித்தாய். தையல் போட்ட உதடு பிரிந்து, ரத்தம் விசைப்பலகையில் சொட்டியது. துடைக்க வந்த என் கையைத் தட்டிவிட்டு, இன்னொரு முறை குத்தினாய்.

தலையில் பட்ட அந்த அடியால் வந்த வலிப்பு, அடுத்த தைப்பூசத்துக்குள் உன்னைக் கொண்டுபோய்விட்டது.

போன வாரம் குழுத் தலைவர் சொன்னார்: "அக்கா, தவறிப்போனவங்க ரெக்கார்ட டிலீட் பண்ணிடுங்களேன். கிளீனா இருக்கும் லா."

மாட்டேன் என்றேன். உன்னை அழித்துவிட்டால், பூட்டு உடைந்திருந்தாலும் 'இல்லை' என்றுதான் வரும். நீ உள்ளே இருக்கும்போது 'இல்லை' என்றால்தான் அது பூட்டு. இப்போது 'அரண்' என்ற அந்த உறவின் கீழ் இன்னும் ஆறு பெண்கள் இருக்கிறார்கள்.

முகவரியைத் துடைத்துவிட்டேன், உன்னை என் வீட்டில்தான் வைத்திருக்கிறேன். தளத்தில் எதை மாற்றினாலும், முதலில் அவனாக நின்று, பன்னிரண்டின் கீழ் உன்னைக் கேட்கிறேன். இன்று பார்சல்காரர் போனதும் கேட்டேன். உன்னைப் போலவே ஓங்கிக் குத்தித்தான் கேட்டேன்.

இல்லை என்றது.