கன்னத்த உப்பு, அண்ணே

அன்புள்ள அப்பா,

இன்று காலை உங்கள் சவரக்கத்திக்கு எண்ணெய் போட்டேன். தேவாலாவில் மழை பிடித்துக்கொண்டது. கவனிக்காமல் விட்டால் துருவேறிவிடும். எண்ணெய்த் துணியால் அலகைத் துடைத்தபோது பிடியின் இடுக்கிலிருந்து உங்கள் சோப்பு வாசனை வந்தது. பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிறது என்று அம்மா கூப்பிட்ட பிறகும் கத்தியை மடக்க மனம் வரவில்லை.

இலங்கையில் இருந்தவரை உங்கள் முகத்தில் நீங்களே கத்தி வைத்ததில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான லயத்து வாசலில் பெரியப்பாவும் நீங்களும் எதிரெதிரே உட்காருவீர்கள். அவர் உங்களுக்குச் சவரம் செய்வார். பிறகு கத்தி உங்கள் கைக்கு வரும், அவர் முகத்தை நீட்டுவார். "கன்னத்த உப்பு, அண்ணே", "பேசாத, வெட்டிரும்" என்று அதட்டல் நடக்கும். இரண்டு பேருக்கும் ஒரே முகவெட்டு. சோப்பு நுரைக்குள் யார் எவர் என்று சில சமயம் எனக்கே குழம்பும்.

நமக்கு இந்தியப் பிரஜாவுரிமை வந்தது, அவர் மனுவுக்கு இன்னும் முடிவு வரவில்லை. கப்பலுக்குப் போக நாம் ரயிலேறும்போது பெரியப்பா கத்தியை உங்கள் சட்டைப்பையில் போட்டு, "வச்சிரு. நான் வந்து வாங்கிக்கிறேன்" என்றார்.

அதனால்தான் இங்கே வந்ததும் தாடி விட்டீர்கள். பஜாரில் சவரக்கடை இருந்தது. "வேற கை படணுமா? அடுத்த கப்பல்ல அண்ணன் வந்துரும்" என்றீர்கள். கப்பல்கள் வந்துகொண்டிருந்தன. தாடியும் வளர்ந்துகொண்டிருந்தது. கோயமுத்தூர்ப் பக்கத்துக்காரரான டீக்கடை அண்ணன், "ஏனுங்க, எந்தச் சாமிக்கு வேண்டுதலுங்க? முடி எறக்கறப்ப எங்களுக்கும் சோறு உண்டுங்களா?" என்று சீண்டுவார். நீங்கள் சிரித்துவிட்டு வருவீர்கள். அம்மாவுக்குத்தான் பொறுக்காது. "வூட்டுல யாரு செத்ததுன்னு கேக்குறாங்க. உசுரோட இருக்க அண்ணனுக்கா தாடி விடுவாங்க?"

ஒருநாள் நம் பழைய தோட்டத்திலிருந்து ஒரு குடும்பம் பக்கத்து லயத்துக்கு வந்து சேர்ந்தது. ஓடிப்போய் விசாரித்தீர்கள். "ஒங்க அண்ணனா? அவருக்கு அந்த நாட்டுப் பிரஜாவுரிமைதான் கெடச்சுது, இனி அங்கதான். ஆனா ஆளே தெரியல. நெஞ்சு வரைக்கும் தாடி. தம்பி வந்து எடுக்கணும்னு ஒக்காந்திருக்காரு" என்றார்கள்.

அன்று நீங்கள் சாப்பிடவில்லை. அம்மா தட்டை எடுத்துக்கொண்டே, "நல்ல அண்ணன் தம்பி! ரெண்டு பேரும் உசுரோட இருக்கவங்களுக்குத் துக்கம் காக்குறீங்க" என்றார். வெகுநேரம் கழித்து நீங்கள் என்னைப் பார்த்து, "நான் எடுத்தாத்தான் புள்ள, அண்ணனையும் எடுக்கச் சொல்லி எழுத முடியும்" என்றீர்கள்.

எனக்கோ கொண்டாட்டம். பொரிகடலை மடித்து வந்த பத்திரிகைத் தாளில், முதன்முதலாகச் சவரம் செய்துகொள்பவர்களுக்கு யோசனைகள் போட்டிருந்ததை நான் எப்போதோ படித்து எடுத்து வைத்திருந்தேன். மறுநாள் காலை கதவு நிலையில் கண்ணாடியை மாட்டினோம். அம்மா கத்தரிக்கோலால் தாடியைக் குறைத்தார். வெந்நீர், நுரை, பெல்ட்டில் கத்தியைத் தீட்டுவது எல்லாம் உங்களுக்குத் தெரிந்தவைதான். நான் உரக்கப் படித்தேன்: "கத்தியைச் சாய்வாகப் பிடிக்கவும். அழுத்தக் கூடாது. மறு கையால் தோலை இழுத்துப் பிடிக்கவும்."

கன்னத்தில் உடனே ரத்தம். குளிரில் தோல் புல்லரித்திருக்கிறது என்று நான் கண்டுபிடித்துச் சொல்ல, அடுப்படிக்கு இடம் மாறினோம். அங்கே தாடையில் ரத்தம். அம்மா படிகாரத்தோடு நின்றார். "தொரசாணி இன்னும் எவ்வளவு பக்கம் வச்சிருக்கு? கழுத்து வரைக்கும் வாசிச்சிராத, தாயி" என்றார்.

அப்புறம்தான் கவனித்தேன். உங்கள் கைக்குச் சவரம் தெரியாமல் இல்லை. எதிரே இருப்பவருக்குச் செய்தே பழகிய கை அது. கண்ணாடியில் பெரியப்பாவைப் போலவே ஒருவர் தெரிந்ததும் உங்கள் மணிக்கட்டு அவரை நோக்கித் திரும்பியது. "கண்ணாடிய பாக்காதீங்கப்பா" என்றேன்.

கண்ணை மூடிக்கொண்டீர்கள். "கண்ண மூடிக்கிட்டா கத்தி வைக்கிறது!" என்று அம்மா கத்தினார். உங்கள் இடதுகை விரல்கள் எலும்பையும் குழியையும் மெதுவாகத் தடவிப் பார்த்தன. "கன்னத்த உப்பு, அண்ணே" என்றீர்கள், மிகச் சின்னக் குரலில். உப்பியது உங்கள் கன்னம். கத்தி தடங்கலின்றி இறங்கியது. நான் தாளை மடித்து வைத்துவிட்டேன்.

அன்றைக்கே கடிதம் போட்டீர்கள். பெரியப்பாவும் தாடியை எடுத்துவிட்டதாகப் பதில் வந்தது. கீழே அவர் எழுதியிருந்தது: "மூணு எடத்துல வெட்டு. ஒனக்கு?"

போன வருடம் இருமல் உங்களைப் படுக்கையில் போட்டபோது அந்தக் கத்தி என் கைக்கு வந்தது. தலையணையில் சாய்ந்தபடி, நான் கேட்பதற்கு முன்பே கன்னத்தை உப்பிக் காட்டுவீர்கள். மூச்சு நிற்காமல் புஸ்ஸென்று போய்விடும். இரண்டு பேரும் சிரிப்போம். நான் மறுபடி நுரை போடுவேன்.

பெரியப்பா திரும்பவும் தாடி வளர்க்கிறாராம், அப்பா. இந்த முறை அம்மா ஒன்றும் சொல்லவில்லை. ஒரு தடவையாவது வந்து உங்களைப் புதைத்த இடத்தைப் பார்க்க வேண்டும் என்று எழுதியிருக்கிறார். அவரை இங்கே வர விடுவார்களா, எப்போது விடுவார்கள், தெரியவில்லை. அதற்காகத்தான் கத்திக்கு எண்ணெய் போடுகிறேன். அவர் முகத்தை நான் கடைசியாகப் பார்த்தபோது சின்னப்பெண். ஆனாலும் அவர் வந்து உட்கார்ந்தால் கன்னத்து எலும்பு எங்கே முடிகிறது, தாடைக்குழி எங்கே இருக்கிறது என்று என் விரல்களுக்குத் தெரியும். இன்று பள்ளிக்கு நடக்கும்போது, குடைக்குள் யாருக்கும் கேட்காமல் சொல்லிப் பார்த்தேன்: "கன்னத்த உப்புங்க, பெரியப்பா."

உங்கள் மகள்