ஒளித்துப் பிடித்த நோன்பு

ஜனவரி 28, புதன்

பேத்தி மின்ஹாவுக்குப் பரீட்சையில் ஒன்பது பாடத்திலும் ஏ. பள்ளிக்கூட வாசலில் பெயர் போட்டு பேனர் கட்டியிருக்கிறார்கள், பாலத்தால் வரும்போதே தெரியுதாம். அவளுக்கு மூத்தவன் றுமைஸ் டோஹாவில் கட்டிடங்களுக்கு லிஃப்ட் பூட்டுகிற கொம்பனியில் இப்போது மேற்பார்வையாளன். நேபாளத்துப் பொடியன்கள் எல்லாம் அவனை சேர் என்றுதான் கூப்பிடுகிறார்கள். கடைக்குட்டி அசனா புலமைப்பரிசில் பாஸ். நான் ஐந்தாம் வகுப்போடு நின்ற ஆள், என்ட பேத்திக்கு ஐந்தாம் வகுப்பிலேயே மாலை போட்டிருக்கிறார்கள். கிண்ணியாவில் எந்த வீட்டில் இப்படி மூன்று இருக்கு? மாஷா அல்லாஹ். கண்பட்டுவிடக் கூடாது.

இதை எழுதத்தான் கொப்பியை எடுத்தேன். எழுதியாச்சு. மற்றதையும் எழுதத்தான் வேணும். யாருக்குச் சொல்வது?

சீனி வியாதிக் கிளினிக்கில் இருந்து கிட்னிக் கிளினிக்குக்கு அனுப்பினார்கள். அங்கே டொக்டர் லக்சனா என்று ஒரு பிள்ளை. கிட்னிக்கென்றே படித்த பெரிய டொக்டராம், முகம் மின்ஹாவின் வயதுதான் சொல்லும். ரத்தம் பார்த்த முடிவை வைத்துக்கொண்டு, உங்கட இரண்டு கிட்னியும் சேர்ந்து கால்வாசி வேலைதான் செய்யுது அம்மா என்றா. நான் ஓம் என்றேன். வேறென்ன சொல்ல.

என்ட மனிசனுக்கும் இப்படித்தான் தொடங்கினது. மிஷினில் ஏற்றி ரத்தம் கழுவினார்கள். ஏறினவர் இறங்கவில்லை.

மகள் பஸ்மியா அந்த நேரமே வாப்பாவுக்கு என்ட கிட்னியை எடுங்க என்று ஒற்றைக்காலில் நின்றவள். அவருக்கு நேரம் இருக்கவில்லை. எனக்கு நேரம் இருக்கு. அதுதான் பயம். மூன்று பிள்ளைக்குத் தாய் அவள், அவளை வெட்டி எனக்கு வைக்கிறதா? பிரஷர் கொஞ்சம் கூட என்று மட்டும் வீட்டில் சொன்னேன்.

பெப்ரவரி 3

கால் வீங்கியிருக்கு. விரலால் அமத்தினால் குழி விழுந்து அப்படியே நிற்குது. நீட்டுக் காலுறை போட்டுக்கொண்டேன். வீட்டாருக்கு, குளிருதாம் எனக்கு.

பெப்ரவரி 8, ஞாயிறு

பள்ளிவாசல் மண்டபத்தில் கூட்டம். நோன்பு வருகுதென்று கிட்னி டொக்டரைக் கூப்பிட்டு, சனங்கள் கேட்கிறதுக்குப் பதில் சொல்ல வைத்தார்கள். அதே டொக்டர் லக்சனா. பெண்கள் பக்கம் பின்வரிசையில் பக்கத்து வீட்டு நபீஸாவின் முதுகுக்குப் பின்னால் இருந்தேன். அவளின் முதுகுக்குப் பின்னால் ஒரு லொறியை நிறுத்தலாம்.

மைக்கை நபீஸாதான் பிடித்தாள், விடவில்லை. முதுகுக்குக் கீழே நாரி நோகுது, கிட்னியா? அநேகமாக அது நாரிதான், கிட்னி பழுதாகும்போது நோகாமலே பழுதாகும் என்றா டொக்டர். சீனிக்குப் போடுகிற குளிசைதானே கிட்னியைத் தின்னுது, நிற்பாட்டினால் என்ன? குளிசை இல்லை, சீனிதான் தின்னுது, நிற்பாட்டிப் போட்டு வருகிறவர்களைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன் என்றா. பிறகு நபீஸா கேட்டாள், விடிய எழும்பி நாலு போத்தல் தண்ணி குடிச்சால் கிட்னி கழுவுப்படுமா என்று.

"கிட்னி கோப்பை இல்லையே அம்மா, கழுவிக் கவிழ்த்து வைக்க."

மண்டபமே சிரித்தது. நானும் சிரித்தேன்.

ஆம்பிளைகள் பக்கத்தில் இருந்து ஒருவர் கேட்டார், மிஷினில் ஏற்றினால் பிறகு இறங்க ஏலாதாமே என்று. சிரிப்பு நின்றது. சிலருக்கு இறங்கலாம், சிலருக்கு ஏலாது, எதனால் பழுதானது என்பதைப் பொறுத்தது என்று டொக்டர் விரித்துச் சொன்னா. எனக்கு ஏலாது என்ற சொல் மட்டும்தான் காதுக்குள் நின்றது.

நோன்புக் கேள்வியும் வந்தது. கிட்னி பலவீனம் என்று உங்களுக்குச் சொல்லியிருந்தால் கேட்காமல் பிடிக்க வேண்டாம் என்றா. மௌலவியும் எழும்பி, நோய் வருத்தக்காரருக்கு மார்க்கத்தில் விலக்கு இருக்கு, விட்டதற்கு பித்யாவாக ஏழைக்குச் சாப்பாடு கொடுத்தால் சரி, உடம்பை அழிக்கிறது நன்மை இல்லை என்றார். இரண்டு பேரும் சேர்ந்து எனக்கென்றே கதைத்த மாதிரி இருந்தது.

நபீஸா மைக்கை என் வாய்க்கு நேரே நீட்டினாள். நீங்களும் ஒன்று கேளுங்க றஹ்மா லாத்தா என்று.

எனக்கு ஒன்றுமில்லை என்றேன். அதுவும் மைக்கில் கேட்டது. டொக்டர் எட்டிப் பார்த்தா.

பெப்ரவரி 12

கிளினிக். தனியவா வந்தீங்கள் அம்மா என்று கேட்டா. மகள் வெளியே நிற்கிறாள் என்றேன். பொய். பள்ளி மண்டபத்தில் பார்த்ததை அவ சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.

இந்த முறை நோன்பு வேண்டவே வேண்டாம் என்றா. ரத்தத்தில் பொட்டாசியம் என்று ஒரு உப்பு ஏறத் தொடங்குதாம். சரியான கிட்னி அதை மூத்திரத்தில் வெளியே தள்ளிவிடும், என்டது தள்ளாது. கூடினால் இதயம் அப்படியே நின்றுவிடும். அதனால் பேரீச்சம்பழம் வேண்டாம், வாழைப்பழம் வேண்டாம், இளநீர் வேண்டாம். அடுத்த முறை மகளைக் கட்டாயம் உள்ளே கூட்டிவரச் சொன்னா. பிறகு மிஷினுக்குக் கையை முன்கூட்டியே ஆயத்தப்படுத்துகிறதைப் பற்றித் தொடங்கினா. நான் பஸ் போயிடும் என்று எழும்பி வந்துவிட்டேன்.

பெப்ரவரி 17

மருமகன் முனீப் தம்பலகாமத்துக்கு நெல் ஏற்றப் போன லொறியில் இரண்டு குலை செவ்விளநீர் கொண்டு வந்து இறக்கினார். மாமி நோன்பு திறக்கிறதுக்கு என்று எல்லாருக்கும் கேட்கச் சொன்னார். தங்கமான மருமகன்.

நோன்பு பிடிக்காவிட்டால் ஏன் என்று கேட்பார்கள். வயதுக்கு வந்த நாளில் இருந்து வருத்தம் சொல்லி ஒரு நோன்பு விட்டவள் இல்லை நான். சிக்குன்குன்யா வந்தபோதே பிடித்தவள். இப்ப விட்டால் பஸ்மியா என்னைக் கையில் பிடித்து டொக்டரிடம் கொண்டுபோய் நிறுத்துவாள். பிறகு வெட்டி எடுங்க என்று தன்ட வயிற்றைக் காட்டுவாள்.

என்ன செய்ய? யா அல்லாஹ், என்ன செய்ய?

பெப்ரவரி 19, வியாழன்

பிடித்தேன்.

நோன்பு திறக்கப் பேரீச்சம்பழம் கையில் வந்தது. பிஸ்மி சொல்லிக் கடித்தேன். ஒன்றுதானே. பிறகு செவ்விளநீர், பஸ்மியா வழுக்கையும் சுரண்டிப் போட்டுத் தந்தாள். குடிக்கும் வரை பார்த்துக்கொண்டு நின்றாள். ஒவ்வொரு மிடறுக்கும் நெஞ்சைத் தொட்டுப் பார்க்க வேணும் போல இருந்தது, கை போகவில்லை.

பெப்ரவரி 22

அசனாவுக்கு இன்று முழு நோன்பு. உம்மும்மா பிடிக்கிறா, நானும் பிடிப்பன் என்று சொல்லிப் பிடித்தது. வாய் காய்ந்து என் மடியில் கிடந்தது. நான் யாரை எங்கே கூட்டிக்கொண்டு போறன்?

பெப்ரவரி 25

மூத்திரம் குறைவு. சவர்க்காரத் தண்ணீர் மாதிரி நுரை. வாயில் தகரம் சூப்பின ருசி. மத்தியானக் குளிசையை நோன்பென்று விட்டாச்சு, விடியச் சஹர் சாப்பாட்டுக்குச் சேர்த்துப் போடலாமா என்று கேட்க ஆள் இல்லை. கேட்டால் டொக்டர் ஏன் பிடிச்சீங்கள் என்பா.

குர்ஆன் ஓத இருந்தால் கண் வரியில் நிற்குது, மனம் நெஞ்சுக்குள் நின்று எண்ணுது. அடிக்குதா? அடிக்குது. இப்ப? ஒரு துடிப்பு விட்ட மாதிரி — இல்லை, வந்திட்டுது. நிற்கிற நேரம் எப்படி இருக்கும், தெரியுமா, தெரியாதா? அவர் மிஷினில் கிடந்தபோது என்ட கையைத்தான் பார்த்துக்கொண்டு கிடந்தவர். என்ன சொல்ல நினைத்தார்?

பஸ்மியா குசினிக்குள் பாட்டுப் படித்துக்கொண்டு கஞ்சி துழாவுகிறாள். அவள் சுகமாக இருக்கிறாள். அது போதும். போதுமா?

பெப்ரவரி 27

கால் துணி மாதிரிக் கிடக்கு. நாளைக்கு நோன்பை விடுவமா.

மார்ச் 5

ஆஸ்பத்திரி. எழுத்து கோணலாக வருகுது. மின்ஹாதான் கொப்பியை என்ட உடுப்புப் பையோடு கொண்டுவந்து தந்தாள். வாசித்தாளோ தெரியாது.

சனிக்கிழமை விடவில்லை, பிடித்தேன். பின்னேரம் அஸர் தொழுகைக்குக் கைகால் கழுவி உளூச் செய்ய எழும்பினேன். கால் எனக்குச் சொந்தமில்லாத மாதிரி மடங்கிப் போச்சு. கூப்பிட வாயும் எழும்பவில்லை. மின்ஹா கண்டிருக்கிறாள். முனீப் லொறியிலேயே தூக்கிப் போட்டுப் பாலத்தால் ஓட்டி வந்திருக்கிறார். நெஞ்சில் வயர் ஒட்டிப் பார்த்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்தது ஞாபகம். இதயம் விட்டு விட்டு அடித்ததாம். பொட்டாசியம்.

கழுத்தில் குழாய் போட்டு மிஷினில் ஏற்றினார்கள். எது வரக்கூடாது என்று ஓடினேனோ, அதன் மடியிலேயே போய் விழுந்தேன். ரத்தம் குழாயால் போவது தெரியுது, திரும்பி வருவதும் தெரியுது. கலிமா சொல்லிக்கொண்டு கிடந்தேன். சத்தியமாக மௌத்து, உயிர் போகப் போகுது என்றுதான் நினைத்தேன்.

கண் திறந்தால் பஸ்மியா. டொக்டர் அவளுக்கு எல்லாம் சொல்லிவிட்டா, நான் கிளினிக்கில் கேட்டது, கேட்காமல் எழும்பினது எல்லாம். அவள் அழவில்லை. நோன்பு வாயோடு நின்றாள். மெல்லத்தான் கேட்டாள்:

"நீங்க நோன்பு பிடிச்சது அல்லாஹ்வுக்கா உம்மா, எங்களுக்கு ஒளிக்கவா?"

ஒளிக்கப் பிடித்தால் அது நோன்பா? ஆரிட்டக் கேக்கிறது இத? அந்த ஒளிப்பெல்லாம் உனக்காகத்தான்டி என்று சொல்ல வாய் உன்னிச்சு. அதச் சொன்னா அவள் தாங்குவாளா.

மார்ச் 7

பஸ்மியா நபீஸாவை விட மோசம். டொக்டர் வந்தால் விடுகிறாள் இல்லை. சோறு எவ்வளவு, மீன் எவ்வளவு, மரக்கறியை அவித்து அந்தத் தண்ணீரை ஊற்றினால் உப்புக் குறையுமா. குறையும் என்றா. கடைசியில், என்ட கிட்னியை எப்ப எடுக்கலாம் என்று, மரக்கறி கேட்ட அதே குரலில் கேட்டாள். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"முதல் அம்மா ஒன்றையும் ஒளிக்காமல் இருக்கட்டும். கிட்னிக் கதை பிறகு" என்றா டொக்டர்.

பிறகென்றால் எப்போது என்று பஸ்மியா கேட்டாள். உங்களுக்கும் சீனி இருக்கா என்று முதலில் பார்க்க வேணும், அதில் தட்டுப்பட்டால் நீங்கள் தர நினைத்தாலும் நான் எடுக்க மாட்டேன் என்றா. மகளுக்கு முகம் சுருங்கினது. எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. மகளுக்குச் சீனி இருக்க வேணும் என்று ஆசைப்படுகிற தாய் நான் ஒருத்திதான்.

கழுத்துக் குழாயை இன்று எடுத்தார்கள். உப்பு இறங்கிவிட்டது, இப்போதைக்கு மிஷின் தேவையில்லையாம். இப்போதைக்கு.

மார்ச் 11

வீடு. எல்லாரும் நோன்பு, நான் மட்டும் பட்டப்பகலில் குசினியில் கதிரை போட்டுச் சோறு தின்கிறேன். மின்ஹா சோற்றுக் கோப்பையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றாள். அசனா வாசலில் நின்று பார்த்துவிட்டு, உம்மும்மா, மணக்குது, கெதியாத் தின்னுங்க என்றது.

முனீப் என்ட நோன்புகளுக்கு அரிசி கட்டிக் கொண்டுபோய் ஏழைகளுக்குக் கொடுத்துவிட்டு வந்தார். செவ்விளநீரில் மிஞ்சினதும் போய்விட்டது. அவர் என்னோடு அதைப் பற்றிக் கதைக்கவில்லை. தான் கொண்டு வந்ததால்தான் எனக்கு இப்படி ஆச்சு என்று நினைக்கிறாரோ? நான்தான் பேச்சைத் தொடங்கினேன், நீங்கள் தெரிந்து தரவில்லை, நான் தெரிந்து குடித்தேன் என்று. தலையை ஆட்டிவிட்டு லொறியைக் கழுவப் போனார்.

நபீஸா வந்து என் காலை அமத்திப் பார்த்தாள். ஊருக்கெல்லாம் சொல்லிப் போட்டுத்தான் பார்க்க வந்திருப்பாள்.

மார்ச் 16

கிளினிக். பஸ்மியாவோடு உள்ளே போனேன்.

மிஷினின் ஊசி ஏற்றுவதற்காக இடது கையில் ரத்த நரம்பை நரம்போடு தைத்து ஆயத்தப்படுத்த வேணுமாம். தைத்த நரம்பு தடித்துப் பலப்பட மாதக்கணக்காகும், அதனால் மிஷின் தேவைப்படும் முன்னமே செய்ய வேணும். கேட்டதும் கை தானாக முந்தானைக்குள் போய்விட்டது. பள்ளி மண்டபத்தில் யாரோ கேட்ட கேள்வியை அப்போதுதான் நானே கேட்டேன். ஏறினால் இறங்க ஏலாதா?

டொக்டர் பொய் சொல்லவில்லை. "உங்களுக்கு ஒருநாள் வரும் அம்மா, வந்தால் இறங்காமலும் போகலாம். ஆனா நடந்து வந்து ஏறுறவங்க வேற, தூக்கிக்கொண்டு வந்து ஏத்துறவங்க வேற."

என்ட மனிசனை நாங்கள் தூக்கிக்கொண்டுதான் போனோம்.

வரும்போது பஸ்ஸில் பஸ்மியா என் தோளில் தலை வைத்துத் தூங்கினாள். பயம் போகவில்லை. ஆனால் இது பக்கத்தில் ஆள் இருக்கிற பயம்.

மார்ச் 21, சனி

பெருநாள். இரவிலும் விழித்து நெஞ்சைத் தொட்டுப் பார்த்தேன், இந்தப் பழக்கம் இனி மௌத்து வரை இருக்கும் போல. பெருநாள் இனிப்பு வட்டிலப்பத்தில் நகத்தளவு கிள்ளி வாயில் வைத்தாள் மகள், அவ்வளவுதான் அனுமதி.

தைக்கிற திகதி தந்துவிட்டார்கள். ஓம் என்று சொல்லிக் கையெழுத்தும் வைத்தாச்சு. அதுவரை இடது கையில் ஊசி ஏற்றவும் கூடாது, பிரஷர் பார்க்கவும் கூடாது, இறுக்கமாக ஒன்றும் போடவும் கூடாது. கலியாணத்துக்கு அவர் போட்ட காப்பு அந்தக் கையில் இருந்து இறங்கினதே இல்லை. இன்று சவர்க்காரம் போட்டு மின்ஹாதான் இழுத்து எடுத்தாள். வலது கைக்கு ஏறாது. அலுமாரிக்குள் வைத்திருக்கு. காப்பு இருந்த இடம் வெள்ளையாகக் கிடக்கு.

றுமைஸ் டோஹாவில் இருந்து வீடியோவில் வந்தான். கழுத்தில் குழாயோடு நான் கிடக்கிற படத்தை யாரோ குடும்பக் குழுவில் போட்டு, அதைப் பார்த்துப் பார்த்து அழுகிறானாம். மேற்பார்வையாளன் அழுகிறதா.

புது உடுப்போடு கதிரையில் இருந்து மின்ஹாவைப் படம் எடுக்கச் சொன்னேன். முந்தானையால் கையை மூடிவிடவா உம்மும்மா என்று கேட்டாள். வேண்டாம், வெறுங்கை நல்லாத் தெரியட்டும், அந்தப் பழைய படத்தை அழித்துவிட்டு இதைக் குழுவில் போடு மகள் என்றேன்.