பதினேழாம் எண் கிளாம்ப்

மார்ச் 4

அன்புள்ள மாஸ்டருக்கு,

உங்கள் மாதிரிகளை நான் எடைக்குப் போட்டுவிட்டேன் என்று பேசிக்கொள்கிறார்களாம். உங்கள் காதுக்கும் வந்திருக்கும். அது பொய். எடைக்குப் போனவை இரண்டு பழைய கடைசல் இயந்திரங்களும் ஒரு துருப்பிடித்த அலமாரியும்தான். நீங்கள் செய்த கிளிப்புகளும் கிளாம்ப்புகளும் நாற்பத்தோரு ஆணிகளில், நீங்கள் மாட்டிய வரிசையிலேயே, பட்டறைச் சுவரில் இருக்கின்றன. வெள்ளிக்கிழமைதோறும் மண்ணெண்ணெய் தொட்ட துணியால் நானே துடைக்கிறேன். எழுபத்தாறு வயதில் ஸ்டூல் மேல் ஏறலாமா என்று என் மகன் போனில் சத்தம் போட்டான். ஏறாமல் துடைக்க வழி தெரிந்தால் சொல் என்றேன். பேச்சை மாற்றிவிட்டான்.

உங்கள் முதலாளி போய் எட்டு மாதமாகிறது. அன்று நீங்கள் வந்து கேட் அருகே நின்றுவிட்டுத் திரும்பியதை மாடி ஜன்னலிலிருந்து பார்த்தேன். உள்ளே கூப்பிட்டிருக்கலாம். கூப்பிடவில்லை.

பட்டறையை மூடுகிறேன். இங்குள்ள தொழிற்பள்ளியில் மாதிரிகளைக் கேட்கிறார்கள். மாணவர்கள் பார்ப்பதற்காக ஒவ்வொன்றின் கீழும் ஒரு அட்டை வைக்க வேண்டும்: இது எதற்கு, எப்படி வேலை செய்கிறது, யார் செய்தது. கடைசிக் கேள்விக்கு எனக்குப் பதில் தெரியும். முதல் இரண்டுக்குச் சில இடங்களில் தடுமாறுகிறேன். நான்காம் எண் துணிக்கிளிப்பில் ஸ்பிரிங்கே இல்லையே, எப்படிப் பிடிக்கிறது? ஒன்பதாம் எண் ஒரே கம்பியை வளைத்ததா, இரண்டா? முப்பத்தெட்டாம் எண் என்னவென்றே விளங்கவில்லை. தலைகீழாகவும் மாட்டிப் பார்த்துவிட்டேன்.

பதினேழாம் எண் ஆணி மட்டும் காலி. அந்தக் கிளாம்ப் என் மேஜை இழுப்பறையில் இருக்கிறது. அதைப் பற்றி உங்களிடம் நான் சொல்ல வேண்டிய ஒன்று இருக்கிறது. இருபத்தாறு வருடத் தாமதம். இந்தக் கடிதத்தில் எழுதத் தைரியம் வரவில்லை.

வீட்டில் அவர்களைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
முதலாளியின் மனைவி


மார்ச் 13

மரியாதைக்குரிய டீச்சரம்மாவுக்கு,

முதலாளியின் மனைவி என்று கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள். பட்டறை முழுக்க உங்களை டீச்சரம்மா என்றுதானே கூப்பிட்டோம். ஒரு நாளும் பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்ததில்லை என்று நீங்கள் கோபித்துக்கொள்வீர்கள். என் லீவு லெட்டரைச் சிவப்பு மையில் திருத்தித் திருப்பி அனுப்பினால் வேறு எப்படிக் கூப்பிடுவதாம்? இதிலும் பிழை இருக்கும். திருத்திக்கொள்ளுங்கள்.

நான்காம் எண்ணில் துணியின் கனம்தான் ஸ்பிரிங். உள்ளே ஒரு சாய்வு வெட்டு, அதில் ஒரு சின்ன உருளை. துணி கீழே இழுக்க இழுக்க உருளை இறங்கி இறுக்கும். காற்று பலமாக அடித்தால் இன்னும் இறுகும். ஒரு கையாலேயே மாட்டலாம், எடுக்கலாம். ஒன்பது ஒரே கம்பி. மாவு மூட்டை வாயை மடித்துச் செருகினால் தன் காலைத் தானே பிடித்துக்கொள்ளும். இருபத்து மூன்று, சைக்கிளில் குடை மாட்டுவதற்கு. அதைப் பற்றி அட்டையில் உயர்வாக எழுதிவிடாதீர்கள். முதல் பள்ளத்திலேயே குடை என்னை முந்திக்கொண்டு போய்விட்டது.

முப்பத்தெட்டு என்னவென்று எனக்கும் தெரியாது. செய்தபோது அழகாக இருந்தது, மாட்டி வைத்தேன்.

பதினேழை உடைத்துப் போடுங்கள். நீங்கள் அதைப் பற்றி எனக்கு என்ன சொல்லப்போகிறீர்கள்? ஆறுதல்தானே. வேண்டாம் அம்மா. பேக்கிங் மேஜையில் பெட்டியை இறுக்கிப் பிடிக்கிற கிளாம்ப் அது. லிவரைத் தட்டியதும் லிவர் பின்பக்கம் தெறிக்கும். நேராக வந்ததும் ஒரு தடுப்புப் பின்னில் இடித்து நிற்க வேண்டும். அந்தப் பின்னுக்கு ஓட்டை படத்தில் இல்லை. படம் போட்டவன் நான். போட்டுக் கொடுத்துவிட்டுக் காய்ச்சலில் பத்து நாள் படுத்துவிட்டேன். பட்டறையில் படத்தைப் பார்த்து அப்படியே செய்தார்கள். தடுப்புப் பின் இல்லாத லிவர் முழுச்சுற்றுச் சுற்றி மறுபக்கம் வந்து அடித்தது. அங்கே என் வீட்டுக்காரியின் வலது கை இருந்தது. பேக்கிங் மேஜையில் வேறு எங்கே இருக்கும்? இரண்டு விரல் போயிற்று. ஓட்டையைப் போட மறந்தேன். காய்ச்சல் மேல் பழி போட்டுத் தப்பிக்க எனக்கு மனசு இல்லை.

அதற்குப் பிறகு ஒரு கிளிப்கூட நான் செய்ததில்லை. சைக்கிள் கடையில் இருந்தேன், இப்போது அதுவும் இல்லை. காய் நறுக்குவது, ஊசியில் நூல் கோப்பது, அவளுக்குத் தலை பின்னுவது எல்லாம் நான்தான். நன்றாகவே பின்னுவேன். அவள் ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. அதுதான் பெரிய தண்டனை.

உங்களைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னாள்.

இப்படிக்கு,
உங்கள் மாஸ்டர்


மார்ச் 24

அன்புள்ள மாஸ்டருக்கு,

நீங்கள் மறக்கவில்லை. ஓட்டையைப் போட்டிருந்தீர்கள். நான்தான் அதைச் சுரண்டி எடுத்தேன்.

முதலில் இதை எழுதிவிட்டேன். எழுதாமல் வேறு செய்தி தொடங்கியிருந்தால் நான்கு பக்கமும் வேறு செய்தியாகவே போயிருக்கும்.

உங்கள் பேனா ஒழுகும். டிரேசிங் தாளில் நீங்கள் படம் போட்டால் அங்கங்கே மை சிதறியிருக்கும். பிளேடால் மைப்பொட்டுகளைச் சுரண்டி, அளவுகளையும் தலைப்பையும் என் கையெழுத்தில் எழுதி, பிரிண்டுக்கு அனுப்புவது என் வேலை. யாரும் எனக்குக் கொடுத்த வேலை இல்லை. அழுக்கான படம் வெளியே போவதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. கான்வென்ட்டில் மைப்பொட்டு விழுந்த நோட்டை சிஸ்டர் வகுப்பு முழுவதற்கும் தூக்கிக் காட்டுவார். பத்து வருடப் படிப்பில் என் நோட்டு ஒரு முறையும் அப்படித் தூக்கப்பட்டதில்லை. அந்தப் பெருமையோடுதான் உங்கள் படத்தின் முன்னால் உட்கார்ந்தேன். பதினேழாம் எண் படத்தில் பதினொரு பொட்டுகள் இருந்தன. பதினொன்றையும் எடுத்தேன். அவற்றில் ஒன்று உங்கள் ஓட்டை. பாதி அளவில் போட்ட படம், ஓட்டை மிளகு அளவுகூட இல்லை. அளவுகள் எழுதிய சீட்டும் நீங்கள் தரவில்லை, காய்ச்சல்; படத்தை அளந்துதான் எழுதினேன். இந்த இரண்டையும் சாக்காகச் சொல்லத் தொடங்குகிறேன், பாருங்கள். விட்டுவிடுகிறேன்.

விபத்துக்கு மறுநாள் முற்றத்தில் எட்டுப் பேர் நின்றார்கள். முதலாளி படத்தை முற்றத்து மேஜையில் விரித்தார். லிவரின் அச்சுக்கு இடப்பக்கத்தில் பளபளப்பு போன ஓர் இடம் எனக்குத் தெரிந்தது. பிளேடு பட்ட இடம் அப்படித்தான் மங்கிவிடும். அது எனக்கு மட்டும்தான் தெரியும். வாயைத் திறப்பதற்குள் நீங்கள் சொல்லிவிட்டீர்கள்: "நான்தான் முதலாளி மறந்துட்டேன்." அதன் பிறகு நான் ஒன்றும் செய்ய வேண்டியிருக்கவில்லை. சும்மா இருந்தால் போதும். சும்மா இருந்தேன். அன்று மாலையே, நல்ல மொழியில் எழுதத் தெரிந்தவள் என்பதால், 'வரைந்தவரின் கவனக்குறைவு' என்று ரிப்போர்ட்டையும் நானே எழுதினேன். அடுத்த வாரம் நீங்கள் வேலையை விட்டு நின்றீர்கள்.

அவருக்குக் கடைசி வரை தெரியாது. அவர் மேல் கோபம் வேண்டாம். தெரிந்திருந்தால் அவர் என்னை ஒன்றும் சொல்லியிருக்க மாட்டார். ஆனால் பிழையே செய்யாதவள் என்ற பெயர் ஒன்றுதான் அந்த வீட்டில் எனக்கென்று இருந்தது. அதைக் கொடுக்க மனம் வரவில்லை.

படத்தின் மூலத்தாளை இதோடு அனுப்புகிறேன். வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். இந்தக் கடிதத்தில் இரண்டு இடத்தில் அடித்திருக்கிறேன். புதுத் தாளில் எழுதிவிட்டு அனுப்பலாம் என்று உட்கார்ந்தால் அனுப்பமாட்டேன்.

டீச்சரம்மா


ஏப்ரல் 6

டீச்சரம்மாவுக்கு,

படத்தை ஜன்னல் கண்ணாடியில் வைத்துப் பார்த்தேன். என் வட்டம் இலேசாகத் தெரிகிறது. நடுவில் காம்பஸ் முனை குத்திய தடமும் இருக்கிறது. விரலால் தடவினாலே தெரிகிறது.

மைப்பொட்டு நடுவில் ஊசிக்குத்து இருக்காது அம்மா. உங்கள் கண்ணுக்குத் தப்பியதா? ஒரு சுழி குறைந்தால்கூட என் லெட்டரைத் திருப்பி அனுப்பிய கண்ணாயிற்றே. அப்போது என் வீடு பட்டறையிலிருந்து நாலு தெருதான். காய்ச்சலில் படுத்திருந்தேனே தவிர, பேச்சு நிற்கவில்லை. ஒரு ஆளை அனுப்பிக் கேட்டிருக்கலாம்.

லெட்டரை வீட்டில் படித்துக் காட்டினேன். முதலில் சிரித்தாள். "அப்ப இத்தனை வருஷம் நீங்க எனக்குத் தலை பின்னிவிட்டதெல்லாம் அந்தம்மா உபயமா?" என்றாள். நானும் சிரித்தேன். அப்புறம் மறுபடி படிக்கச் சொன்னாள். படித்தேன். பிறகு கேட்டாள்: "ஆஸ்பத்திரிக்கு வந்தாங்க. கட்டில் பக்கத்துல உக்காந்து என் இடது கையைப் பிடிச்சுக்கிட்டு, 'உங்க வீட்டுக்காரரை மன்னிச்சிடுங்கம்மா, வேணும்னு செய்யல'ன்னு சொன்னாங்க. அது எல்லாம் தெரிஞ்சேதான் சொன்னதா?"

நீங்கள் ஆஸ்பத்திரிக்குப் போனதே எனக்கு அன்றுதான் தெரியும்.

"அவங்க பேச்சைக் கேட்டு நான் இவரை மன்னிச்சேன். பெரிய மனசு பண்ணி மன்னிச்சேன். செய்யாத தப்புக்கு ஒரு மனுஷன் என் மன்னிப்பை வாங்கிக்கிட்டு இருபத்தாறு வருஷம் தலைகுனிஞ்சு நடந்திருக்காரு" என்றாள். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை, சுவரைப் பார்த்துச் சொன்னாள்.

மறுநாள் காலையில் அவளே தலை வாரிக்கொண்டாள். சீப்பு இரண்டு தடவை கீழே விழுந்தது. எடுத்துக் கொடுக்கப் போனேன். "நீங்க சும்மா இருங்க" என்றாள். பின்னல் கோணலாக வந்தது. அப்படியே கடைக்குப் போனாள். நாலு நாளாக இப்படித்தான்.

எனக்கு மனசு லேசாகியிருக்க வேண்டும். ஆகவில்லை. இத்தனை வருஷம் தூக்கிக்கொண்டிருந்ததைத் திடீரென்று ஒருவர் வாங்கிக்கொண்டால், கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

அவள் சொன்னதை எழுதி முடிக்கிறேன். "அந்தம்மா இனிமே உங்களுக்கு எழுத வேணாம். எனக்குத் தனியா எழுதச் சொல்லுங்க. நீங்க படிச்சுக் காட்ட வேணாம், எனக்கும் படிக்கத் தெரியும்."

மாஸ்டர்


ஏப்ரல் 15

மதிப்பிற்குரிய அம்மா அவர்களுக்கு,

பன்னிரண்டு வருடம் எங்கள் பட்டறையில் பேக்கிங் மேஜையில் வேலை செய்தீர்கள். உங்களை 'ஏம்மா' என்பதற்கு மேல் நான் அழைத்ததில்லை. இந்தக் கடிதத்தை எப்படித் தொடங்குவது என்று யோசித்தபோதுதான் அதுவும் தெரிந்தது.

உங்கள் கேள்விக்குப் பதில்: ஆமாம். தெரிந்தேதான் சொன்னேன்.

விபத்து நடந்த மூன்றாம் நாள் வந்தேன். நீங்கள் கோபமாக இருந்தால், விசாரணை வேண்டும் என்று கேட்டால், படத்தை மறுபடி விரிப்பார்கள். நீங்கள் உங்கள் கணவரை மன்னித்துவிட்டால் எல்லாம் முடிந்துவிடும். அதற்காகத்தான் வந்தேன். உங்கள் கையைப் பிடித்துக்கொண்டபோது என் கண் கலங்கியது உண்மை. நடிப்பில்லை. அதுதான் இன்று என்னை அதிகம் வெட்கப்பட வைக்கிறது. அழுதுகொண்டே அதைச் செய்தேன்.

மாஸ்டர் காம்பஸ் குத்தைப் பற்றிக் கேட்டிருக்கிறார். அதை உங்களிடமே சொல்கிறேன், நீங்கள் அவரிடம் சொல்லுங்கள். கண்ணுக்குத் தப்பியிருக்கலாம். கைக்குத் தப்பவில்லை. சுரண்டும்போது பிளேடின் முனை அந்தக் குழியில் ஒரு முறை தட்டி நின்றது. மற்றப் பத்துப் பொட்டுகளில் அப்படித் தட்டவில்லை. இது என்ன என்று ஒரு வினாடி நினைத்தேன். ஆளை அனுப்பிக் கேட்கலாம் என்றும் நினைத்தேன். கேட்டால் எனக்குப் படம் படிக்கத் தெரியாது என்று பட்டறையில் சொல்லிச் சிரிப்பார்கள். அதனால் பிளேடைக் கொஞ்சம் சாய்த்துப் பிடித்து, சுரண்டி முடித்தேன். போன கடிதத்தில் இதை எழுதாமல் விட்டேன். எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டுவிட்டதாக நினைத்துக்கொண்டே இதை மட்டும் ஒளித்து வைத்தேன். உங்கள் கணவர் விரலால் தடவிக் கண்டுபிடித்துவிட்டார்.

உங்கள் விரல்கள் போனது அந்த ஒரு வினாடியால். அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் வினாடிக் கணக்கில் அடங்காது. ஒவ்வொரு நாளும் நான் வேண்டுமென்றே செய்தது.

அன்று முற்றத்தில் நின்ற எட்டுப் பேரில் உங்கள் கணவரையும் என்னையும் விட்டால் இன்று உயிரோடு மூன்று பேர் இருக்கிறார்கள்: பாலிஷ் போடுபவர், கணக்கர், வாட்ச்மேன். மூவருக்கும் தனித்தனியே எழுதி, நான் எழுதிய பழைய ரிப்போர்ட் பொய் என்று கையெழுத்துப் போட்டு மூன்று நாளுக்கு முன்பே தபாலில் சேர்த்துவிட்டேன். நகல் இதோடு இருக்கிறது. கணக்கரின் மகள் இன்று காலை போன் செய்தாள். "ஏன் ஆன்ட்டி, இந்த வயசுல உங்களுக்கு இதெல்லாம் தேவையா?" என்றாள். தேவை என்றேன். வைத்துவிட்டாள்.

உங்களிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. ஒரு முறை உங்களிடம் மன்னிப்பை வாங்கி வேறொருவர் பெயரில் எழுதிவிட்டேன். இன்னொன்று கேட்க எனக்கு வாயில்லை. ஒன்று மட்டும் சொல்லலாமா என்று தெரியவில்லை, சொல்கிறேன்: தலை பின்னிவிட அவரை மறுபடி விடுங்கள். கடன் தீர்ப்பதாக நினைத்து மட்டும் இருபத்தாறு வருடம் யாரும் நன்றாகப் பின்ன மாட்டார்கள். இது என் வேலை இல்லை என்று நீங்கள் சொன்னால் அதுவும் சரிதான்.

நேரில் வந்து உங்கள் முன்னால் உட்கார்ந்து இதையெல்லாம் என் வாயால் சொல்ல வேண்டும் என்று இருக்கிறது. ஆஸ்பத்திரிக்கு உங்களைக் கேட்காமல் வந்தேன். இந்த முறை கேட்காமல் வரமாட்டேன். இரண்டு பஸ் மாற வேண்டும், அது முடியும். நான் வரலாமா, வரக் கூடாதா என்று உங்கள் கையால் எழுதி ஒரு பதில் போடுங்கள்.