கிரேன்காரர் சொன்ன ‘ஊப்ஸ்’

அம்மாவுக்கு வணக்கம். மூட்டுவலி குறைந்ததா? எனக்கு ஒரு கீறல்கூட இல்லை.

இங்கே கட்டடத்துக்கு ஜன்னல் கண்ணாடியைக் கிரேனில் ஏற்றும்போது வாக்கிடாக்கியில் தூக்கு, இறக்கு, நிறுத்து தவிர எதுவும் பேசக்கூடாது. செவ்வாயன்று நான் பதினோராம் மாடி விளிம்பில் நிற்க, கிரேன்காரர் “ஊப்ஸ்” என்றார். தேநீர் சிந்தினால் ‘அடடா’ என்போமே, அது. நான் பின்னால் தாவினேன். கண்ணாடி என்னைவிட்டு ஒரு சாண் தள்ளி விழுந்து நொறுங்கியது.

“‘ஊப்ஸ்’ங்கிறது இங்கிலீஷ்காரங்க விழுந்த குழந்தையைத் தூக்கும்போது சொல்ற வார்த்தையிலேர்ந்து வந்ததாம்ப்பா, பயப்படாதே,” என்றார் மேஸ்திரி. சொல்லிக்கொண்டே என்னை விளிம்பிலிருந்து உள்ளே இழுத்தார்.

கெட்டித் துணியில் இரண்டு பனியன் அனுப்பு. சின்ன வயதில் நான் விழுந்தால் என்ன சொல்லித் தூக்குவாய்? மறந்துவிட்டது. ஞாயிறன்று போனில் ஒருமுறை சொல்லம்மா.

லிப்ட் வந்துவிட்டது. மேலே கூப்பிடுகிறார்கள்.