எழுந்து ஓடச் சொல்லிக் கத்தியவர்களையும் விசாரிக்கக் கோரி

அனுப்புநர்:
'வெண்கலம்' என்று அழைக்கப்படும் நகரப் பேருந்து நடத்துநர்,
செயலாளர், கிழக்கு கேலரி ரசிகர் மன்றம்.

பெறுநர்:
விசாரணை அலுவலர் அவர்கள்,
கால்பந்துச் சங்க அலுவலகம்.

பொருள்: அரையிறுதி ஆட்டத்தில் இளம் ஆட்டக்காரரின் முழங்காலில் பலத்த காயம் ஏற்பட்டது தொடர்பாக, அணியின் பிசியோ (இயன்முறை சிகிச்சையாளர்) மீது எங்கள் மன்றம் அளித்த புகார் தவறானது எனத் தெரிவித்தல், அவரது பணியிடை நீக்கத்தை ரத்து செய்யவும், என்மீது நடவடிக்கை எடுக்கவும் வேண்டுதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. எங்கள் அணி சொந்த மைதானத்தில் ஆடும் நாட்களில் கிழக்கு கேலரியில் கோஷத்தைத் தொடங்கிவைப்பவன் நான். என் தொண்டையை முன்னிட்டு நண்பர்கள் வைத்த பெயர்தான் 'வெண்கலம்'. நான் பணிபுரியும் பேருந்தின் ஓட்டுநர், நான் படிக்கட்டில் நிற்கும்வரை தனக்கு ஹாரன் தேவையில்லை என்பார். பெருமைக்காக இதை எழுதவில்லை. அன்று எழுந்த சத்தம் எந்த வாயில் தொடங்கியது என்பது தங்கள் விசாரணைக்குத் தேவை.

2. காயமடைந்தவர் எங்கள் அணியின் வலது ஓர ஆட்டக்காரர். பள்ளிப் படிப்பை இப்போதுதான் முடித்தவர். குள்ளமான உருவமும் ஓயாத ஓட்டமுமாக எதிரணிக்காரர்களின் காதோரம் ரீங்கரித்துக்கொண்டே இருப்பதால் அவரை 'சில்வண்டு' என்போம். தேசிய இளையோர் முகாமுக்கு அவர் தேர்வான செய்தி வந்த அன்று பணிமனையில் எல்லோருக்கும் நான் தேநீர் வாங்கிக் கொடுத்தேன். பெற்ற தகப்பன்கூட அவ்வளவு அலட்டியிருக்க மாட்டார்.

3. அரையிறுதியில் நாங்கள் ஒரு கோல் பின்தங்கியிருந்தோம். இரண்டாம் பாதியின் தொடக்கத்தில் சில்வண்டு கோல் பகுதிக்குள் விழுந்தார். நடுவர் பெனால்டி தரவில்லை. நடித்ததாகச் சொல்லி மஞ்சள் அட்டை காட்டினார். எங்களுக்கு நடுவர்மீது வந்த கோபம், சிறிது நேரத்தில், எப்படியோ அந்தப் பிள்ளைமீதே திரும்பிவிட்டது. அடுத்த முறை அவர் நடுக்கோட்டருகே முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தபோது என் பக்கத்தில் இருந்தவர், "பாருங்க, மறுபடியும் ஆரம்பிச்சுட்டான்" என்றார். நான் எழுந்து நின்றேன். "நடிக்காதே, எந்திரி!" என்று கத்தினேன். கைதட்டி, தாளம் சேர்த்து, மறுபடியும் கத்தினேன். கேலரி முழுக்க அதைப் பிடித்துக்கொண்டது.

4. ஆட்டக்காரர்கள் 'பிசியோ அக்கா' என்று அழைக்கும் அம்மையார் உடனே ஓடிவந்தார். முழங்காலைத் தொட்டுப் பார்த்தார். பிறகு பயிற்சியாளரை நோக்கி இரு கைகளையும் உருட்டிக் காட்டினார். ஆளை மாற்றுங்கள் என்பதற்கான சைகை அது. பந்தாட்டம் பார்க்கும் குழந்தைக்கும் தெரியும். எனக்கும் தெரிந்தது. அவர் ஒருமுறை அல்ல, திரும்பத் திரும்பக் காட்டினார். நாங்கள் அவரை நோக்கி ஊளையிட்டோம். "வெளிய போங்கம்மா" என்று ஒரு கூட்டம் பாடவே தொடங்கிவிட்டது. பயிற்சியாளர் அம்மையாரைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். அதற்குள் சில்வண்டு தாமாகவே எழுந்து, அம்மையாரின் கையை விலக்கிவிட்டு, ஆடப்போவதாகக் கட்டைவிரலை உயர்த்தினார். கேலரி ஆர்ப்பரித்தது. பயிற்சியாளர் ஆட்டத்தைத் தொடர விட்டார்.

5. அதன்பின் நடந்தது தாங்கள் அறிந்ததே. பந்து அவரிடம் வந்தது. அருகில் எதிராளி யாரும் இல்லை. வலது காலை ஊன்றித் திரும்பினார். உடம்பு திரும்பியது, கால் திரும்பவில்லை. விழுந்தவர் சத்தமே போடவில்லை. கோஷத்தை மறுபடியும் தொடங்க நான் கையை உயர்த்திவிட்டேன், ஐயா. அவரது முழங்காலுக்குக் கீழே கால் கிடந்த விதத்தைப் பார்த்த பிறகுதான் இறக்கினேன். முன்தசைநார் அறுந்து, உள்ளிருக்கும் குருத்தெலும்பும் கிழிந்துவிட்டதாக மருத்துவமனையில் சொன்னார்கள். தேசிய முகாமுக்கு வேறொருவர் போய்விட்டார்.

6. அன்று மாலையே எங்கள் மன்றம் துக்கத்தில் இறங்கியது. அவரது படத்தை எல்லோரும் தங்கள் கைப்பேசியில் முகப்பாக வைத்தோம். மைதான வாசலில் 'மீண்டு வா தம்பி' என்று பதாகை கட்டினோம். சிலர் அழுதார்கள், அதில் பொய் இல்லை. ஆனால் அழுது முடித்ததும் அழ வைத்தவர் யார் என்று தேடினோம். அடிபட்ட பிள்ளையை அந்த அம்மாள் எப்படி ஆட விட்டாள் என்று ஒருவர் கேட்டார். எங்களுக்கு அப்போது வந்த நிம்மதியை நான் எப்படி எழுதுவது? எல்லோரும் ஒரே மூச்சில் அதையே சொல்லத் தொடங்கினோம். புகார் மனுவை எழுதியவன் நான். 'கடமையில் அலட்சியம்' என்ற சொல் என்னுடையது.

7. அம்மனுவுடன் அளித்த காணொளி எங்கள் பொருளாளரின் ஸ்டுடியோவில் தயாரானது. அதில் அம்மையார் உள்ளே வருவதும் தொட்டுப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போவதும் மட்டுமே இருக்கும். கை உருட்டிய காட்சி வெட்டப்பட்டது. கேலரியின் சத்தம் நீக்கப்பட்டு, அதற்குப் பதில் சோகமான இசை சேர்க்கப்பட்டது. வெட்டும்போது நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். அதைப் பார்த்துத்தான் அம்மையாரைப் பணியிடை நீக்கம் செய்திருக்கிறீர்கள்.

8. அறுவை சிகிச்சை முடிந்தபின் மன்றத்தின் சார்பில் பழங்களுடன் மருத்துவமனைக்குச் சென்றோம். சில்வண்டு காலை நீட்டிப் படுத்திருந்தார். அருகில் அவருடைய அக்கா. மருந்துக்கடையில் வேலை செய்பவர். தாய் தகப்பன் இல்லாத வீட்டில் தம்பிக்கு எல்லாமே அவர்தான். மற்றவர்கள் படம் எடுத்துக்கொண்டு வெளியே போனதும் நான் மட்டும் நின்று, அன்று ஏன் எழுந்தாய் தம்பி என்று கேட்டேன். என் பெயரைச் சொல்லிவிடுவாரோ என்ற பயத்தில்தான் கேட்டேன்.

"வலி நெசமாத்தாண்ணே இருந்துச்சு. ஆனா நீங்கல்லாம் நடிக்காதேன்னு கத்துனீங்க இல்ல? எனக்கே சந்தேகம் வந்துடுச்சு, ஒருவேளை நடிக்கத்தான் செய்யறமோன்னு" என்றார்.

கோபமே இல்லாமல் சொன்னார். நான் வாங்கிப் போன ஆரஞ்சை உரித்துக்கொண்டே சொன்னார்.

9. அதற்கடுத்த வாரம் அவருடைய அக்கா என் பேருந்தில் ஏறினார். வழக்கம்போல் நிறுத்தத்தின் பெயரைக் கூவினேன். "மெதுவா சொல்லுங்கண்ணே, எல்லாருக்கும் கேக்குது" என்று மட்டும் சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அன்று முழுவதும் நான் கூவாமல் விசிலை மட்டுமே ஊதினேன். ஓட்டுநர் உடம்பு சரியில்லையா என்று கேட்டார். வீட்டில் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "இந்தக் கத்துக்கு உங்க தொண்டைக்குத்தான் ஒருநாள் ஏதாச்சும் ஆகும்னு நெனச்சேன். ஊரான் வீட்டுப் புள்ள காலுக்கு ஆகும்னு நெனக்கல" என்றாள்.

10. புகாரைத் திரும்பப் பெறலாம் என்று மன்றக் கூட்டத்தில் கேட்டேன். "நாம மட்டுமா கத்துனோம்? மைதானமே கத்துச்சு. சும்மா கெடக்கறத ஏன் கெளறற?" என்றார் பொருளாளர். மற்றவர்கள் ஒவ்வொருவராக எழுந்து போனார்கள். அவர்களை நான் குறைசொல்லவில்லை. புகார் மனு எழுதும்போது நானும் அப்படித்தான் இருந்தேன். ஆகவே இம்மனுவில் என் கையொப்பம் மட்டுமே உள்ளது. ஆட்டத்தைப் படம்பிடித்தவரிடம் வெட்டப்படாத காணொளியைக் கேட்டு வாங்கி இணைத்துள்ளேன். தயவுசெய்து ஒலியுடன் பார்க்கவும்.

11. நேற்று அம்மையாரின் வீட்டுக்கு மன்னிப்புக் கேட்கச் சென்றேன். கதவைத் திறந்தவர் என்னை அடையாளம் கண்டுகொண்டார். உள்ளே வரச் சொல்லவில்லை. நான் தயாரித்து வைத்திருந்த பேச்சைத் தொடங்குவதற்குள், "அதெல்லாம் அப்புறம். அவன் முட்டி எவ்வளவு மடங்குது? யாராச்சும் மடக்கிப் பாத்தாங்களா?" என்று கேட்டார்.

எனக்குத் தெரியவில்லை. அங்கிருந்தே சில்வண்டின் அக்கா வேலை செய்யும் மருந்துக்கடைக்குப் போய்க் கேட்டேன். அணி நிர்வாகம் புதிய பிசியோ யாரையும் அமர்த்தவில்லை. தம்பி வலிக்குப் பயந்து காலை நீட்டியபடியே கிடக்கிறார் என்றார். திரும்பிச் சென்று சொன்னதும் அம்மையாரின் முகம் மாறிவிட்டது. இந்த வாரங்களில் மடக்கிப் பழக்காவிட்டால் முட்டி இறுகிவிடும், பிறகு ஆட்டம் இருக்கட்டும், படி ஏறுவதே சிரமம் என்றார். தாமே போய்ப் பார்க்கலாம் என்றால், விசாரணை முடியும்வரை ஆட்டக்காரர்கள் எவரையும் அணுகக்கூடாது என்பது தங்கள் உத்தரவு. அதை மீறினால் அவருடைய உரிமமே போய்விடும். அந்த உத்தரவுக்குக் காரணம் என் மனு.

12. எனவே ஐயா அவர்கள், எங்கள் மன்றத்தின் புகாரைத் தள்ளுபடி செய்து, அம்மையாரின் பணியிடை நீக்கத்தை ரத்து செய்யுமாறு பணிவுடன் வேண்டுகிறேன். மைதானத்தில் சிகிச்சையாளர் ஆளை மாற்றச் சொன்னால், பயிற்சியாளரோ ஆட்டக்காரரோ கேலரியோ அதைத் தடுக்க முடியாதபடி விதி செய்ய வேண்டும். அன்று கோஷத்தைத் தொடங்கியதற்காகவும், பொய்யான காணொளியைச் சாட்சியாக அளித்ததற்காகவும் என்னை விசாரித்து, மைதானத்துக்குள் நுழையத் தடை விதித்தாலும் ஏற்றுக்கொள்கிறேன். மேல்முறையீடு செய்ய மாட்டேன்.

என்னைத் தண்டிப்பதற்குக் கூட்டம் கூட்ட வேண்டும், தீர்மானம் எழுத வேண்டும், அதற்கெல்லாம் நாளாகும் என்று அறிவேன். அது நிதானமாக நடக்கட்டும். அம்மையாருக்கான அனுமதியை மட்டும் இன்றே, ஒரு தொலைபேசி அழைப்பிலாவது, கொடுத்துவிடுங்கள் ஐயா. அவர் பையை எடுத்து வைத்துக்கொண்டு காத்திருக்கிறார்.

தங்கள் விசாரணைக்கு எந்நேரமும் கட்டுப்பட்டவன்,

(கையொப்பம்)
'வெண்கலம்', பேருந்து நடத்துநர்

இடம்: பணிமனை ஓய்வறை
நாள்: மார்ச் 9

இணைப்பு: வெட்டப்படாத காணொளி, ஒலியுடன்.